"என் பாவமே" என்று சொல்வது எதற்காக? பாவம், குற்ற உணர்வு, மன்னிப்பு பற்றி யாங்கோன் தமிழ்க் கத்தோலிக்கர் கேட்கும் கேள்விகள்

யாங்கோனில் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களுக்கு ஒவ்வொரு தவக்காலத்துக்கு முன்பும் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறேன். நம் பிள்ளைகள் பள்ளியில் பர்மியம் படிக்கிறார்கள், வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், கோயிலில் மார்பில் தட்டி "என் பாவமே" என்று கொள்ளுத்தாத்தா காலத்து மந்திரங்களைச் சொல்கிறார்கள். மூன்றும் கலப்பதால் "பாவம்" என்ற ஒரு சொல்லை ஆளுக்கு ஒரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் கேட்டதும் இருக்கிறது, பாட்டிமார் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதும் இருக்கிறது.

தப்பு, குற்றம், பாவம் எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றில்லை. பர்மியத்தில் "அப்யிட்" என்ற ஒரே சொல் தவறுக்கும் பழிக்கும் பாவத்துக்கும் வந்துவிடுகிறது. அதனால் பிள்ளைகள் குழம்புவது இயல்பு. தெரியாமல் அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனால் அது தப்பு. சிக்னலை மீறினால் சட்டப்படி குற்றம். நல்லது எது என்று தெரிந்தும் மனதார அதை விட்டு விலகுவதுதான் பாவம். அதில் கடவுளோடும் அடுத்தவரோடும் உள்ள உறவு முறிகிறது. பாவங்களிலேயே கனமான சாவான பாவம் ஆவதற்குத் திருச்சபை மூன்று காரியங்களைச் சொல்கிறது: விஷயம் கனமானதாக இருக்க வேண்டும், முழு அறிவு இருக்க வேண்டும், முழுச் சம்மதம் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் ஆகாது. பயம், கட்டாயம், பழக்கத்தின் பிடி இவையெல்லாம் பொறுப்பைக் குறைக்கும் என்பதும் திருச்சபையின் போதனைதான். குறைக்கும் என்றால் அழித்துவிடும் என்று அர்த்தமில்லை.

ஜென்மப் பாவம் என்றால் போன ஜென்மத்தில் செய்த பாவமா?

இல்லவே இல்லை. இந்தக் கேள்வியைச் சின்னப் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். பழைய ஞானோபதேசப் புத்தகங்கள் பாவத்தை ஜென்மப் பாவம், கர்மப் பாவம் என்று இரண்டாகப் பிரித்தன. சுற்றிலும் இந்துக்களும் பௌத்தர்களும் வாழ்கிற ஊரில் இந்த இரண்டு சொற்களும் காதில் விழுந்ததும் முற்பிறவியும் கர்மவினையும்தான் ஞாபகத்துக்கு வரும். புத்தகம் சொல்ல வந்தது வேறு. ஜென்மம் என்பது இங்கே பிறப்பு. ஆதாம் ஏவாளுக்குப் பிறகு மனுஷன் பிறக்கும்போதே தேவ அருளை இழந்த நிலையில் பிறக்கிறான், தீமை பக்கம் சாய்கிற மனதோடு பிறக்கிறான். அது நாம் வாங்கிக்கொண்ட நிலை, நாம் செய்த செயல் இல்லை. அதனால் அதற்காக யாரும் பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது) செய்வதில்லை. ஞானஸ்நானம் அதற்கு மருந்து. கர்மப் பாவம் என்பது நாமே தெரிந்து செய்தது. நாம் கணக்குச் சொல்ல வேண்டியது அதற்குத்தான்.

எங்கள் கொள்ளுத்தாத்தா வட்டிக்கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். எத்தனையோ பர்மியர்களின் நிலம் போனதில் அவர் கையும் உண்டு. அந்தப் பாவம்தான் எங்கள் குடும்பத்தைத் தொடர்கிறது என்று அத்தை சொல்கிறார். உண்மையா?

வரலாறு பொய்யில்லை. 1930இல் நெல் விலை விழுந்தது, விவசாயிகள் கடனைக் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் வட்டிக்கடை நடத்திய செட்டியார்களிடம் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1938க்குள் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. பலர் நிலத்துக்கு ஆசைப்பட்டு வாங்கவில்லை, கொடுத்த பணத்துக்கு வேறு எதுவும் தேறாததால்தான் வாங்கினார்கள். ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. உங்கள் கொள்ளுத்தாத்தா எழுதிய கணக்கில் எது நியாயம், எது அநியாயம் என்பது அவருக்கும் கடவுளுக்கும் இடையில் இருக்கிறது.

உங்கள் மேல் அந்தப் பாவம் இல்லை. எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் முழுக்க இதைத்தான் பேசுகிறது: "பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும், குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை." அப்பா திராட்சைக் காயைத் தின்றால் பிள்ளைக்குப் பல் கூசும் என்று இஸ்ரயேலரிடம் ஒரு பழமொழி இருந்தது. இனி அதைச் சொல்லாதீர்கள் என்று கடவுளே தடுக்கிறார். யாத்திராகமத்தில் "மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும்" என்று வருகிறதே என்பீர்கள். தகப்பன் செய்ததன் பாதிப்பு பிள்ளைகளைத் தொடும் என்பது நம் கண்ணால் காண்பதுதான். பாதிப்பு தொடரும், குற்றம் தொடராது. "குலசாபம்" என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு ஜெபிக்கிறவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

ஒன்று மட்டும் உங்கள் பொறுப்பு. அன்று வந்த சொத்து ஏதாவது இன்றும் உங்கள் கையில் இருந்து, அது அநியாயமாக வந்தது என்று உங்களுக்குத் தெரிந்தால், இப்போது வைத்திருப்பது நீங்கள்.

முதலாளி சொன்னதைத்தானே செய்தேன்? பாவம் அவருக்குத்தானே?

இதற்குப் பதில் சொல்ல என் கதையைத்தான் சொல்ல வேண்டும். பதினாறு வயதில் ஓர் அரிசிக் கடையில் கையாளாக இருந்தேன். இங்கே சில்லறைக்கு அரிசியைப் பால் டின்னால் அளப்போம், எட்டு டின் சேர்ந்தால் பியி என்ற ஓர் அளவு. எங்கள் கடையில் இரண்டு டின் இருந்தன. வாங்குவதற்கு ஒன்று. விற்பதற்கு இன்னொன்று, அதன் அடியை உள்பக்கமாகத் தட்டி வைத்திருப்பார்கள். மேலே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. தலை தட்டி அளந்து போடும்போது எட்டு டின்னுக்கு ஒரு கைப்பிடி அரிசி கடையிலேயே நின்றுவிடும். தினம் சாயங்காலம் ஒரு பர்மியப் பாட்டி வருவார். அவரை அப்வா என்று கூப்பிடுவேன். நாலு டின் வாங்குவார். நான் அளக்கும்போது டின்னைப் பார்க்கமாட்டார், என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "முதலாளி கொடுக்கிற டின்னில் அளக்கிறேன், ஃபாதர், அது கொஞ்சம் குறையும்" என்று மெதுவாகச் சொன்னேன். கூண்டுக்குள்ளிருந்து ஒரே கேள்வி வந்தது:

"அந்த டின் இப்போ எங்கே?"

"கடையிலதான் இருக்கு, ஃபாதர்."

"நாளைக்கு யார் கையில இருக்கும்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆதாம் "நீர் தந்த பெண் கொடுத்தாள்" என்றான். அந்த ஒரே வாக்கியத்தில் மனைவி மேலும் பழி, கடவுள் மேலும் பழி. ஏவாள் பாம்பைக் காட்டினாள். அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. பெண் கொடுத்ததும் உண்மை, பாம்பு ஏமாற்றியதும் உண்மை. நான் சொன்னதும் உண்மைதான். ஆனால் "முதலாளி", "டின்", "குறையும்" என்று எல்லாவற்றையும் சொன்ன நான், "நான் திருடினேன்" என்று மட்டும் சொல்லவில்லை. குறைவது டின், குறைப்பது முதலாளி. அப்படியென்றால் அளந்த கை யாருடையது?

முதலாளிக்குப் பெரிய பங்கு உண்டு, சந்தேகமே இல்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் என் பங்கு குறையவும் செய்யலாம். ஆனால் என் பங்கு என்னுடையது. கட்டளையிட்டவனுக்கு ஒரு கணக்கு, செய்தவனுக்கு ஒரு கணக்கு. இன்று இந்த நாட்டில் பிஞ்சுப் பிள்ளைகள் கையில் துப்பாக்கியைக் கொடுத்துக் கட்டளையிடுகிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் இதே கேள்வியோடு வருகிறார்கள். அவர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன், ஆனால் குரலைத் தாழ்த்தி: கட்டாயம் எவ்வளவு என்று கடவுளுக்குத் தெரியும். பிள்ளை திரும்பி வந்து பேச ஆரம்பித்தால் பேச விடுங்கள், "உன் மேல் தப்பே இல்லை" என்று அவசரப்பட்டு வாயை அடைக்காதீர்கள்.

என் பௌத்தத் தோழி கேட்கிறாள்: "அவரவர் வினை அவரவருக்கு. உன் பாவத்துக்கு இன்னொருத்தர் எப்படிச் சாக முடியும்? அப்போ நீங்க எதை வேணா செய்யலாமே?"

நல்ல தோழி, நல்ல கேள்வி. கோபப்படாதீர்கள். தம்மபதம் சொல்கிறது: தீமையைத் தானே செய்கிறான், தானே அழுக்காகிறான், ஒருவனை இன்னொருவன் தூய்மையாக்க முடியாது. இதில் முதல் பாதியை நாமும் அப்படியே சொல்கிறோம். மறுபாதியில்தான் பிரிகிறோம்.

பவுல் பிலேமோனுக்கு எழுதிய ஒரு பக்கக் கடிதத்தைத் தோழிக்குக் காட்டுங்கள். ஒநேசிமு என்ற அடிமை எஜமானை விட்டு ஓடி வந்துவிட்டான். எதையாவது எடுத்துக்கொண்டும் வந்திருக்கலாம். பவுல் எழுதுகிறார்: அவன் உமக்கு ஏதாவது அநியாயம் செய்திருந்தால், கடன்பட்டிருந்தால், "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்." செய்தவன் ஒநேசிமுதான், அதைப் பவுல் மறைக்கவில்லை. ஆனால் கடனை நான் தீர்க்கிறேன் என்கிறார். அன்பு இருக்கிற இடத்தில் இது நடக்கும். மகன் உடைத்த கண்ணாடிக்கு அப்பா பணம் கட்டுகிறார், உடைத்தது மகன்தான் என்பதில் மாற்றமில்லை. சிலுவையில் கிறிஸ்து செய்ததை நாம் அப்படித்தான் நம்புகிறோம்.

"எதை வேணா செய்யலாமே" என்பதற்கும் அதே கடிதத்தில் பதில் இருக்கிறது. கடனைத் தன் கணக்கில் ஏற்றுக்கொண்ட பவுல், ஒநேசிமுவை எஜமான் முன் போய் நிற்கச் சொல்லி அனுப்புகிறார். கடிதத்தைக் கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறார், ஆனால் நடந்து போக வேண்டியவன் அவன்.

ஏன் ஃபாதரிடம் சொல்ல வேண்டும்? நேராகக் கடவுளிடம் சொன்னால் போதாதா?

பக்கத்து மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் சபைகளில் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்வி இது. கடவுளிடம் நேராகச் சொல்லத்தான் வேண்டும், தினமும். உயிர்த்த ஆண்டவர் சீடர்மேல் ஊதி, எவர்களுடைய பாவங்களை மன்னிப்பீர்களோ அவை மன்னிக்கப்படும் என்றார் (யோவான் 20). நம் திருச்சபை அதை வைத்துத்தான் பாவசங்கீர்த்தனத்தைப் போதிக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும் என்று 1215இல் ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. குருவானவர் கேட்டதை யாரிடமும், எந்த அதிகாரியிடமும் சொல்லக் கூடாது. இந்த நாட்டில் இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என் அனுபவத்தில் இன்னொரு காரணமும் உண்டு. மனதுக்குள் சொல்லும்போது நான் எனக்கே வக்கீலாகிவிடுகிறேன். வாய்விட்டு இன்னொரு மனுஷன் காதில் சொல்லும்போதுதான் "டின் எங்கே?" என்று ஒருவர் கேட்க முடிகிறது.

சண்டையால் ஃபாதர் வர முடியாத ஊர்களில் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம். கடவுள்மேல் உள்ள அன்பால் பாவத்துக்காக உத்தம மனஸ்தாபப்பட்டு, வாய்ப்புக் கிடைத்ததும் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்று உறுதி எடுத்தால், சாவான பாவமும் அப்போதே மன்னிக்கப்படும். இது பழைய போதனை. கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில், போப் பிரான்சிஸ் இதை எல்லாருக்கும் நினைவூட்டினார்.

தடிஞ்ஜுட் (பௌத்தர்களின் அக்டோபர் பௌர்ணமித் திருநாள்) அன்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பெரியவர்களுக்கு "கடோ" செய்கிறார்கள். நம் பிள்ளைகள் செய்யலாமா?

பெரியவர் காலில் விழுந்து, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுக்கச் சொல்வதில் நமக்கு என்ன தடை? அது மரியாதை, ஆராதனை இல்லை. புத்தர் சிலை முன் விழுவது வேறு விஷயம், அதைக் கலக்க வேண்டாம்.

எங்கள் மாடியில் ஒரு பௌத்தக் குடும்பம். அக்டோபர் பௌர்ணமிக்குப் பேத்தி பழமும் மெழுகுவத்தியும் தட்டில் வைத்துக்கொண்டு பாட்டி முன் மண்டியிடுவாள். பாட்டி கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஆசீர்வாதம் சொல்வார், பேத்தி தலையை நிமிர்த்தாமல் கேட்பாள். பௌத்தர்களின் "ஓகாச" ஜெபத்தில் உடலால், சொல்லால், மனதால் செய்த பிழைகள் என்று மூன்றும் வரும். நாம் பூசையின் தொடக்கத்தில் என்ன சொல்கிறோம்? "என் சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமையில் தவறியதாலும் பாவங்கள் பல செய்தேன்." நாலாவது ஒன்று நம்மிடம் கூடுதலாக இருக்கிறது: செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டது. அதைச் சொல்லும்போது மட்டும் நம் குரல் வேகமாக ஓடிவிடுகிறது என்று எனக்குத் தோன்றும்.

காணிக்கையோடு பீடத்துக்கு வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்றார் ஆண்டவர். பக்கத்து வீட்டுப் பிள்ளை வருஷத்துக்கு ஒருமுறையாவது இதைச் செய்துவிடுகிறது. நாம் ஒரே பெஞ்சில் பத்து வருஷம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். ஆனாலும் மனசு குத்திக்கொண்டே இருக்கிறது. மன்னிப்புக் கிடைக்கவில்லையா?

கிடைத்துவிட்டது. மன்னிப்பு என்பது கடவுள் செய்தது, குத்தல் என்பது உங்கள் மனதின் நிலை. இரண்டும் ஒரே நாளில் தீர வேண்டும் என்று இல்லை. முதலில் ஒன்றைப் பாருங்கள்: ஈடு செய்ய வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கிறதா? சக்கேயு ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். பாக்கி இருந்தால் குத்தட்டும், அது நல்ல குத்தல்.

பாக்கி ஒன்றுமில்லை, ஆனாலும் அதே பாவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றுகிறது என்றால், ஒரே குருவானவரிடம் போங்கள், அவர் போதும் என்று சொன்னால் நிறுத்துங்கள். தூக்கமும் சாப்பாடும் போய்விட்டால் டாக்டரையும் பாருங்கள். அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

யூதாசையும் பேதுருவையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருமே ஒரே ராத்திரியில் ஆண்டவரைக் கைவிட்டார்கள். யூதாஸ் 30 வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுத்தான், "பாவஞ்செய்தேன்" என்று வாய்விட்டுச் சொன்னான். ஆனால் சொன்ன இடம் பிரதான ஆசாரியர்களிடம். அவர்கள் "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்றார்கள். அந்தச் சொல்லோடு அவன் தனியாகப் போனான். பேதுரு அழுதுவிட்டு மற்ற சீடர்களோடு இருந்தான், மீன் பிடிக்கப் போனான். அவன் மறுதலித்தபோது குளிர் காய்ந்தது கரி நெருப்பில். கரையில் ஆண்டவர் மீன் சுட்டுக்கொண்டு காத்திருந்ததும் கரி நெருப்பில். மூன்று மறுதலிப்புக்கு மூன்று முறை "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்டார்.

மன்னிப்பே கேட்காதவரை மன்னிக்க வேண்டுமா?

நம்மில் எத்தனை குடும்பங்களுக்கு இது வெறும் கேள்வி இல்லை! 1964இல் கடையை அரசு எடுத்துக்கொண்டது, அதே வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். இந்த நாட்டிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் ஒரு பெட்டியோடு கப்பல் ஏறினார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

"எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல" என்று தினமும் சொல்கிறோம். பழைய புரொட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பில் அது "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று இருக்கும். வட்டியும் கடனும் பார்த்த சமூகத்துக்கு அந்தச் சொல் நன்றாகப் புரியும். கடனைத் தள்ளுபடி செய்கிறவன் கடனே இல்லை என்று சொல்வதில்லை. இவ்வளவு கடன், அதை நான் வசூலிக்கப் போவதில்லை என்கிறான். பழிவாங்குவதை விடுவது உங்கள் கையில் இருக்கிறது, அதை நீங்கள் தனியாகவே செய்யலாம். உறவு பழையபடி ஆவதற்கு மட்டும் எதிராளியும் மனம் திரும்ப வேண்டும்.

அடிக்கிற கணவனை மன்னித்துவிட்டு அதே வீட்டில் அடி வாங்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்று யாராவது வேதத்தைக் காட்டிச் சொன்னால் கேட்காதீர்கள், அக்கா. அம்மா வீட்டுக்குப் போங்கள், பிள்ளைகளோடு பத்திரமாக இருங்கள். மன்னிப்பை அங்கிருந்தும் கொடுக்கலாம்.

நர்கிஸ் புயலும் நிலநடுக்கமும் நம் பாவத்துக்குத் தண்டனையா?

2008 மே மாதம் நர்கிஸில் 1,30,000 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். 2025 மார்ச் 28 அன்று மண்டலே, சகாயிங் பக்கம் 7.7 அளவில் பூமி ஆடியது. இரண்டு தடவையும் "பாவிகளுக்கு வந்தது" என்று பேசியவர்கள் இருந்தார்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது இதே கேள்விக்கு ஆண்டவர் பதில் சொன்னார்: அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா? இல்லை. அடுத்த வார்த்தை, நீங்கள் மனம் திரும்புங்கள். செத்தவர் கணக்கைப் பார்க்காதே, உன் கணக்கைப் பார் என்கிறார்.

மன்னிக்கவே முடியாத பாவம் உண்டா?

பரிசுத்த ஆவிக்கு எதிரான பாவம் என்று மாற்கு 3இல் இருக்கிறது. மன்னிப்பையே வேண்டாம் என்று கடைசிவரை தள்ளுவதுதான் அது. அதைச் செய்துவிட்டேனோ என்று பயப்படுகிற நீங்கள் அதைச் செய்யவில்லை.

நான் தவறு செய்தவர் இறந்துவிட்டார். இனி யாரிடம் போய்ச் சொல்வது?

கடவுளிடம் சொல்லுங்கள். நவம்பர் 2 அன்று அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுங்கள். அவருடைய பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு ஈடு செய்யுங்கள். இதையும் என் கதையோடுதான் சொல்ல முடியும்.

அந்தப் பாவசங்கீர்த்தனத்துக்குப் பிறகு அந்த டின்னைத் தொடமாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் என்னை விரட்டவில்லை, மூட்டை தூக்கப் போட்டார். அப்வா வரும்போது மட்டும் நான் ஓடிவந்து நல்ல டின்னில் அளந்து, என் சம்பளக் கணக்கில் இன்னொரு டின் சேர்த்துப் போடுவேன். ஏன் என்று சொல்லவில்லை. என் நல்ல குணம் என்று நினைத்து அவர் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பார். அந்த ஆசீர்வாதத்தை வாயை மூடிக்கொண்டு வாங்கினேன், திருடிய அரிசியைவிட அதுதான் என்னை அதிகம் உறுத்தியது. சொல்லலாம் சொல்லலாம் என்று இருந்தபோதே அவர் இறந்துவிட்டார்.

அடுத்த தடிஞ்ஜுட்டுக்குப் பழத்தட்டோடு அவர் மகள் வீட்டுக்குப் போய் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா முழுதும் கேட்டார். அப்புறம் எழுந்து போய் அடுப்படியிலிருந்து ஒரு பழைய பால் டின்னைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். அதன் அடி தட்டையாக, நசுங்காமல் இருந்தது.

"அம்மா தினமும் வீட்டுக்கு வந்ததும் இதில்தான் ஒரு தடவை அளப்பாங்க" என்றார்.